பிடிக்காதது எல்லாம் ஹராம் ஆகிவிடாது



நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். 2024-ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் அழைத்தார். "ஹஜ்ரத், என் மகள் ஒரு கேள்வி கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். கோழியை அறுக்காமலேயே, அதன் உயிரணுவை ஆய்வகத்தில் வளர்த்துச் செய்த கோழி இறைச்சி அந்நாட்டில் கடைக்கு வந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து, "அறுக்காத கோழி என்றால் அது மைத்தாதானே, அத்தா?" என்று கேட்டிருக்கிறாள்.

கேட்ட மாத்திரத்தில் நம் வயிற்றைக் குமட்டியது. "ஹராம்தான் தம்பி, இதில் என்ன சந்தேகம்" என்று சொல்லி அழைப்பை முடித்தோம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தப் பொருள் எதிலிருந்து எடுக்கப்படுகிறது, எதில் வளர்க்கப்படுகிறது, அதில் என்ன கலக்கப்படுகிறது என்று எதையும் நாம் கேட்கவில்லை. நம் குமட்டலையே மார்க்கத் தீர்ப்பாக்கி ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டோம். தம் நாவுக்குத் தோன்றியபடி ஒன்றை ஹலால் என்றும் மற்றொன்றை ஹராம் என்றும் சொல்வதை, அல்லாஹ்வின் மீது பொய் புனைவதாகவே திருக்குர்ஆன் (16:116) எச்சரிக்கிறது. அவ்வசனத்தை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கும் நாமே அதை மறந்தோம். இக்கட்டுரை அந்த மறதிக்குச் செய்யும் பரிகாரம்.

அது என்ன பொருள்?

இறைச்சிக்கு மாற்றாக இன்று பேசப்படுபவை இரு வகை. ஒன்று, சோயா, பட்டாணி போன்ற தாவரப் புரதங்களைக் கொண்டு இறைச்சியின் சுவையும் மென்மையும் வரும்படி செய்யப்படுவது. இது நமக்குப் புதிதன்று. நம் வீட்டுக் குருமாவிலும் பிரியாணியிலும் பல்லாண்டுகளாக இடம்பெறும் மீல் மேக்கரும் இந்த வகையே. மற்றொன்றுதான் அந்தப் பிள்ளை கேட்ட ஆய்வக இறைச்சி. விலங்கிலிருந்தோ கருவுற்ற முட்டையிலிருந்தோ எடுத்த உயிரணுக்களைச் சத்துகள் நிறைந்த ஊட்டத் திரவத்தில் இட்டு, பெரிய எஃகுக் கலன்களில் பெருகச் செய்கிறார்கள். பெருகியதைத் திரட்டி உணவாக்குகிறார்கள்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட், 2013-இல் லண்டனில் இவ்வாறு செய்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைப் பொதுமக்கள் முன் சமைத்துக் காட்டச் செய்தார். அந்த ஒரு துண்டை உருவாக்க இரண்டரை இலட்சம் யூரோ அளவுக்குச் செலவானது. 2020 டிசம்பரில் இத்தகைய இறைச்சியின் விற்பனைக்கு உலகிலேயே முதலில் அனுமதி அளித்த நாடு சிங்கப்பூர். 2024 மே மாதத்தில் அங்கு ஓர் இறைச்சிக் கடையின் உறைபெட்டியில் அது வைக்கப்பட்டபோது, 120 கிராம் பொதியின் விலை 7.20 சிங்கப்பூர் வெள்ளி. அதில் கோழியின் உயிரணுக்கள் 3 விழுக்காடு மட்டுமே இருந்தன. எஞ்சியதில் பெரும்பகுதி தாவரப் புரதம்.

சிங்கப்பூர் ஏன் முந்திக்கொண்டது என்பதையும் அறிய வேண்டும். அந்நாடு தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, தன் கோழித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அங்கிருந்தே பெற்றுவந்த சிங்கப்பூர் திகைத்து நின்றது. கோழிச் சோறு விற்றுப் பிழைத்தவர்கள் கடைகளை அடைக்க நேர்ந்தது. மேய்ச்சல் நிலம் இல்லாத நாடு, நிலம் வேண்டாத இறைச்சியைத் தேடுவதில் வியப்பில்லை. இதனோடு பருவநிலைக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 விழுக்காடு என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் மதிப்பிட்டது. 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் அதை ஏறத்தாழ 12 விழுக்காடு என்று கணக்கிட்டது. எந்தக் கணக்கை எடுத்தாலும் சிறிய பங்கன்று.

ஃபிக்ஹ் கேட்கும் கேள்விகள்

நாம் கேட்கத் தவறிய கேள்விகளை அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். முதற்கேள்வி, உயிரணு எந்தப் பிராணியுடையது என்பது. பன்றியின் உயிரணு எத்தனை முறை பெருகினாலும் அது பன்றியே. அதில் பேச்சுக்கு இடமில்லை. உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணி எனில் அடுத்த கேள்வி எழும். அது முறைப்படி அறுக்கப்பட்டதா, உயிருடன் இருக்கும்போதே எடுக்கப்பட்டதா? உயிருள்ள கால்நடையிலிருந்து வெட்டி எடுக்கப்படும் பகுதி செத்ததற்குச் சமம் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கண்ணுக்குத் தெரியாத உயிரணுவுக்கும் இவ்விதி பொருந்துமா என்பதில்தான் ஆய்வு தேவைப்படுகிறது. கருவுற்ற முட்டையிலிருந்து எடுத்தால் விதி என்ன என்பதும் அத்தகையதே. நாம் அன்றாடம் உண்ணும் முட்டை கோழியை அறுக்காமல் கிடைப்பதுதானே!

அடுத்து, ஊட்டத் திரவம். தொடக்க காலத்தில் இதற்குப் பெரிதும் பயன்பட்டது, சினைப் பசு அறுக்கப்படும்போது கருவிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் நீர். வழிந்தோடும் இரத்தம் ஹராம் என்பது திருக்குர்ஆனின் (6:145) தெளிவான சட்டம். இரத்தத்திலிருந்து வந்த சத்து உயிரணுவுக்குள் சென்று வேறொன்றாகிவிட்டால் சட்டமும் மாறுமா? ஃபிக்ஹ் நூல்களில் இது 'இஸ்திஹாலா', அதாவது பொருளின் தன்மையே மாறிப்போதல், என்ற தலைப்பில் பேசப்படுகிறது. உப்பளத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு தூய்மையானது என்று ஹனஃபீ மத்ஹபின் நூல்கள் உதாரணம் கூறும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, மது தானாகக் காடியாவது, தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றோடு இந்த வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடும். கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளாகவும் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபீகளாகவும் வாழும் நம் மக்களிடையே இந்த ஒரு பொருளைப் பற்றி இரு பதில்கள் வரக்கூடும். இரண்டும் இல்மின் அடிப்படையில் வந்தவையாக இருக்கும்வரை அதில் சண்டைக்கு இடமில்லை. இதற்கிடையே இரத்த நீர் கலக்காத திரவத்தில் வளர்ப்பதற்கு 2023 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு ஒரு நிறுவனத்துக்கு அனுமதி அளித்துவிட்டது. பொருள் மாறும்போது அதைப் பற்றிய கேள்வியும் மாறுகிறது.

2023-இல் சவூதி அரேபியாவின் மூன்று மார்க்க அறிஞர்கள் இவ்விறைச்சி ஹலாலாக அமையக்கூடும் என்று கருத்துரைத்தார்கள். முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியிலிருந்து உயிரணு எடுக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனைகளுள் முதன்மையானது. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான மூயிஸின் ஃபத்வாக் குழு, அனுமதிக்கப்பட்ட பிராணியின் உயிரணுவாக இருந்து, விலக்கப்பட்ட எதுவும் அதில் கலவாதிருந்தால் முஸ்லிம்கள் உண்ணலாம் என்று தீர்ப்பளித்தது. அதாவது, அந்தப் பிள்ளை நம்மிடம் கேட்பதற்குச் சில மாதங்கள் முன்பே, அவள் வாழும் நாட்டின் ஆலிம்கள் அமர்ந்து ஆராய்ந்து முடித்திருந்தார்கள்! நாம் ஊரில் இருந்தபடியே அரை நிமிடத்தில் ஹராமாக்கினோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஃபத்வா என்பது பொதுச் சட்டத்தைக் கூறுவது. கடையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பொதிக்குத் தரப்படும் ஹலால் சான்று வேறு. முன்னது இருப்பதால் பின்னது இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

வெறுப்பு வேறு, விலக்கு வேறு

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்களுக்கு முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்ட நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அது உடும்பு என்று தெரிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் இது ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, தம் மக்களின் பூமியில் இது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடும்பின் சட்டத்தில் ஹனஃபீ மத்ஹபுக்குத் தனி நிலைப்பாடு உண்டு. இங்கே நாம் எடுத்துக்கொள்வது அந்த அவையின் ஒழுக்கத்தை. உலகமே பின்பற்றும் தூதரின் மனம் ஒன்றை ஏற்கவில்லை. அந்த மறுப்பை அவர்கள் மறைக்கவுமில்லை. மார்க்கச் சட்டமாக ஆக்கவுமில்லை. உண்டவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. ஒரே விரிப்பில் உண்ணாதவரும் உண்டவரும் அமர்ந்திருந்தார்கள்.

நம் சமூகத்தில் இந்த ஒழுக்கம் தேய்ந்து வருகிறது. நமக்கு அருவருப்பாக இருப்பதை ஹராம் என்கிறோம். நமக்குச் சுவையாக இருப்பதை விசாரிக்காமலே ஹலால் என்கிறோம். முன்னதில் பேணுதல் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இரண்டிலும் தீர்ப்புச் சொல்வது நாக்குதான்.

பிற சமுதாயத்தாரிடமும் இதற்கொரு பாடம் உண்டு. தாவரப் பொருள்களால் செய்து பன்றி இறைச்சியின் பெயரில் விற்கப்பட்ட ஓர் உணவுக்கு, அமெரிக்காவின் மிகப் பெரிய கோஷர் சான்றளிப்பு அமைப்பு 2021-இல் சான்று தர மறுத்தது. அதில் விலக்கப்பட்ட பொருள் இருக்கிறது என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. தம் மக்களின் மனம் அப்பெயரை ஏற்காது என்ற காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கு அத்தகைய பெயர் தாங்கிய உணவை நாமும் வாங்கித் தர மாட்டோம். ஆயினும் ஏன் வாங்கவில்லை என்று பிள்ளை கேட்டால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் சொல்வதால் ஆய்வக இறைச்சிக்கு நாம் பரிந்து பேசுவதாக எவரும் கருத வேண்டாம். அதை உண்பது எந்த முஸ்லிமுக்கும் கடமையன்று. சந்தேகத்துக்குரியதை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்பதும் நபிவழியே.

விற்பவர்களின் வாக்குறுதிகள் அனைத்தையும் நம்பிவிடவும் வேண்டியதில்லை. உயிரணுக்களை வளர்க்கும் கலன்களுக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பூமிக்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மை பெரிதும் குறைந்துவிடும். தாவர இறைச்சியின் கதையும் படிப்பினைக்குரியது. அமெரிக்காவின் பியாண்ட் மீட் நிறுவனத்தின் பங்கு 2019 மே மாதம் 25 டாலருக்கு வெளியிடப்பட்டு, ஜூலைக்குள் 230 டாலரைத் தாண்டியது. 2023 முடிவில் அது 10 டாலருக்கும் கீழே இருந்தது. புதுமைக்காக ஒருமுறை வாங்கியவர்களில் பலர், விலையையும் சுவையையும் பார்த்து மறுமுறை வாங்கவில்லை. அரசுகளும் ஒரே கருத்தில் இல்லை. இத்தாலி 2023-இல் ஆய்வக இறைச்சியைச் சட்டமியற்றித் தடுத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024-இல் அவ்வாறே செய்தது. தம் கால்நடை வளர்ப்போரைக் காப்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. ஆடு, மாடு, கோழி வளர்ப்பையும் இறைச்சிக் கடையையும் நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்பதை நாமும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு நெருடலும் உண்டு. இறைச்சி உண்பவர்களையே இரக்கமற்றவர்கள் என்று பழிக்கும் குரல்கள், இம்மாற்று உணவுகளைக் கையில் ஏந்தி நம்மை நோக்கி வருகின்றன. அல்லாஹ் ஆகுமாக்கியதை உண்பதற்காக நாம் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆயினும் சொல்பவர் மீதுள்ள கோபம் பொருளின் சட்டத்தைத் தீர்மானிக்கக் கூடாது. அதேபோல், ஆய்வக இறைச்சி எவ்வளவு பரவினாலும் ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானிக்கு அது ஈடாகாது. குர்பானி என்பது அல்லாஹ்வின் பெயரால் பிராணியை அறுத்து நிறைவேற்றும் வணக்கம். எஃகுக் கலனில் வளர்ந்ததில் அறுப்பும் இல்லை, அந்த வணக்கமும் இல்லை.

நம் அடுப்படியைப் பார்ப்போம்

திருக்குர்ஆன் (2:168) உண்ணச் சொல்வது ஹலாலானதை மட்டுமன்று, 'தய்யிப்' ஆனதையும்தான். தூய்மையானது, நலம் தருவது, நேர்மையாக வந்தது என்று இச்சொல் விரியும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பொதியைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கும் நாம், தெருமுனைக் கடையில் தொங்கும் இறைச்சியைப் பற்றி என்ன கேட்கிறோம்? அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொன்னாரா, உயிர் அடங்கும் முன்பே கோழி வெந்நீரில் போடப்பட்டதா, ஒரு பிராணியின் கண்முன்னே மற்றொன்று அறுக்கப்பட்டதா? முஸ்லிமின் கடை என்ற நல்லெண்ணம் சரியே. ஆனால் நல்லெண்ணம் கொள்வதென்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று பொருளன்று.

பிராய்லர் கோழி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அதைத் தொடவே மறுத்தார்கள். நாட்டுக்கோழிதான் கோழி என்றார்கள். இன்று அது இல்லாத வலீமா விருந்தே இல்லை. இடையில் எந்த ஃபத்வாவும் மாறவில்லை. விலை மலிந்தது, நாக்கு பழகியது, அவ்வளவுதான். நாளை ஆய்வக இறைச்சியும் விலை மலிந்து வந்தால் இதே வழியில் நம் வீட்டுக்குள் நுழையக்கூடும். அப்போது பழக்கம் நம்மை இழுத்துச் செல்லும் முன்னரே இல்ம் நமக்கு வழிகாட்டியிருக்க வேண்டும்.

இறைச்சியைக் குறைக்க ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதுமில்லை. நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். பெரிய சட்டி நிறைய அரிசியும் பருப்பும் வெந்தயமும் வேகும். அதில் கொத்துக்கறி சிறிதளவே இருக்கும். ஊரே நோன்பு திறந்து பசியாறுகிறது. இறைச்சி ஒரு சுவைக்காக வந்து போகிறது. நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் அடுப்பே எரியாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நாள்கள் பல கழிந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நாமோ விருந்துகளில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டுச் சமைத்து, எஞ்சிய பிரியாணியைக் குழியில் கொட்டுகிறோம். உண்ணுங்கள், பருகுங்கள் என்ற கட்டளையோடு வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற தடையும் ஒரே வசனத்தில் (7:31) இணைந்து வந்திருக்கிறது. அந்த இறைச்சி ஹலால்தான். குழியில் கொட்டிய செயலுக்கு யார் ஹலால் சான்று தருவார்?

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அந்த மாணவரை நாமே அழைத்தோம். "தம்பி, நேற்று நாம் சொன்னது விசாரிக்காமல் சொன்னது, அதைத் திரும்பப் பெறுகிறோம். உங்கள் நாட்டு ஆலிம்களிடமே கேளுங்கள். ஹலால் சான்று இல்லாத பொதியை விட்டுவிடுங்கள். சான்று இருந்தும் மனம் ஒப்பவில்லையானால் உண்ண வேண்டாம். உண்பவரை ஏசவும் வேண்டாம். பிள்ளையிடம் இதை அப்படியே சொல்லுங்கள்" என்றோம்.

சற்று நேரத்தில் பிள்ளையே பேசினாள். "ஹஜ்ரத், நீங்கள் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டாள். "இல்லை மகளே, நமக்குப் பிடிக்கவில்லை" என்றோம். "அப்படியென்றால் ஹராம் இல்லையா?" என்றாள். "நமக்குப் பிடிக்காதது நம்மோடு. ஹராம் எது என்பதைச் சொல்ல வேண்டியவன் அல்லாஹ்" என்றோம்.

அறியாததைப் பேசுவதை விட்டும் அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக! நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஹலாலான, தூய்மையான உணவை வழங்கி, அதில் பரக்கத்தும் செய்வானாக! ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.